கணக்குக் கேட்கும் பக்தி: திண்டுக்கல் சமவெளியில் கதைமாந்தரும் நம்பிக்கையும்

முன்னுரை

1973 மே 20 அன்று திண்டுக்கல் மக்களவைத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. நடிகர் எம்.ஜி.ஆர். தொடங்கி ஏழு மாதமே ஆகியிருந்த அ.தி.மு.க.வின் வேட்பாளர் மாயத்தேவர், இரட்டை இலைச் சின்னத்தில் நின்று இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்றார். ஆண்டுகொண்டிருந்த தி.மு.க. மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. எம்.ஜி.ஆரின் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ திரைக்கு வந்து அப்போது ஒன்பது நாள்தான். இந்த முடிவைத் திரை மயக்கம் என்று ஒதுக்கியவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அப்படியானால் வாக்களித்தவர்கள் திரையில் எம்.ஜி.ஆர். ஏற்ற படகோட்டியையும் ரிக்‌ஷாக்காரனையும் மெய்யென்று எண்ணிய ஏமாளிகளா? இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். கதைமாந்தர்மேல் கொள்ளும் பற்று சமய நம்பிக்கையோடு ஒப்பிடத்தக்கதுதான். ஆனால் அந்த ஒப்புமை பொய்யை மெய்யென்று கொள்வதில் இல்லை. தன் வாழ்வின் ஒரு பங்கை இன்னொருவரிடம் ஒப்படைப்பதில் இருக்கிறது.

ஒரு வீரன், இரண்டு உருவங்கள்

திண்டுக்கல்லைச் சுற்றிய ஊர்களில் மதுரைவீரன் காவல்தெய்வம். முறுக்கிய மீசையும் ஓங்கிய அரிவாளுமாக நிற்பான். பொம்மியும் வெள்ளையம்மாளும் இருபுறம் இருப்பார்கள். அருந்ததியர் அவனைத் தங்கள் முன்னோனாகவே போற்றுகிறார்கள். படையலில் கிடா இறைச்சியும் சாராயமும் இருக்கும். பூசாரி ஒரு சுருட்டைப் பற்றவைத்து, கனல் அணையாமல் பீடத்தின் விளிம்பில் வைப்பார். சுருட்டுக்குப் பேர்போன ஊரில் சாமிக்கும் அதுவே நிவேதனம்.

1956இல் வெளிவந்த ‘மதுரை வீரன்’ படத்தில் அதே வீரனாக எம்.ஜி.ஆர். நடித்தார். அவர் ஏற்ற நாயகர்கள் அநேகமாகப் புகைப்பதில்லை, குடிப்பதில்லை; தாயைத் தெய்வமாக மதிப்பார்கள், எளியவரை அடிப்பவனைத் தட்டிக்கேட்பார்கள். பகலில் சுருட்டு வைத்துக் கும்பிட்ட அதே மனிதர், இரவில் டூரிங் டாக்கீஸின் தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்து, சுருட்டைத் தொடாத வீரனுக்காகக் கண்ணீர் விட்டார். இரண்டில் எது உண்மை என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. எல்லையைக் காக்க ஒருவன் வேண்டும். எப்படி வாழவேண்டும் என்று காட்டவும் ஒருவன் வேண்டும். எம்.ஜி.ஆரை ‘வாத்தியார்’ என்று ரசிகர்கள் அழைத்ததன் பொருள் இதுவே.

நம்பிக்கை என்னும் சொல்

தமிழில் ‘நம்புகிறேன்’ என்பது ‘இருக்கிறது என்று ஒப்புகிறேன்’ என்பதோடு நிற்பதில்லை. ‘உன்னை நம்பித்தான் இருக்கிறேன்’ என்னும்போது அது பற்றுக்கோட்டைச் சொல்கிறது. குலசேகராழ்வார் கதை இதற்குச் சான்று. இராமாயணச் சொற்பொழிவில் இராமன் தனியொருவனாகப் பதினாலாயிரம் அரக்கரை எதிர்கொள்ளும் இடம் வந்ததும், அவர் எழுந்து தம் படையைப் புறப்பட ஆணையிட்டார் என்று குருபரம்பரை சொல்கிறது. அது கதை என்பதை அவர் மறந்தார். வைணவ மரபு அந்த மறதியைப் பேதைமை என்று தள்ளவில்லை. பக்தியின் உச்சம் என்று கொண்டாடியது. தொல்காப்பியமும் உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதற்கு ‘மெய்ப்பாடு’ என்று பெயரிட்டு அதற்கெனத் தனி இயலே வகுத்தது. திரைக்கு அப்பாலிருப்பவரோடு பார்வையாளர் கொள்ளும் ஒருதலை உறவை ஹார்ட்டன், வோல் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் விளக்கியது, ‘மதுரை வீரன்’ வெளிவந்த அதே 1956இல்தான்.

இந்த உறவு வழிபாட்டோடு ஒன்றானதை 1984இல் கண்டோம். எம்.ஜி.ஆர். நடித்த ‘ஒளிவிளக்கு’ படத்தில், உயிருக்குப் போராடும் நாயகனுக்காக ஒரு பெண் முருகனிடம் கையேந்திப் பாடுவாள். எம்.ஜி.ஆர். நோயுற்றுக் கிடந்தபோது தமிழகத் திரையரங்குகளில் அந்தப் பாடல் பிரார்த்தனையாகவே ஒலித்தது. ஒரு கதைமாந்தருக்காக இன்னொரு கதைமாந்தர் செய்த வேண்டுதல், ஒரு சொல்லும் மாறாமல், மெய்யான மனிதனுக்காக மெய்யான மனிதர்கள் செய்த வேண்டுதலாயிற்று.

வைவதற்கு உள்ள உரிமை

எனினும் ஒரு வேறுபாடு இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. கோயில் கொடையில் சாமியாடி அருள் வந்து நிற்கும்போது ஊர்ப் பெரியவர்கள் கைகட்டி நின்றாலும் வாய்கட்டி நிற்பதில்லை. ‘வருசம் தவறாம பொங்க வச்சோம், ஏன் மழை இல்ல?’ என்று கேட்பார்கள். சாமி வாக்குச் சொல்லியாகவேண்டும். சிவனையே ஏசிப் பாடிய சுந்தரரை ‘வன்தொண்டர்’ என்று சைவம் உயர்த்தியது. முதிர்ந்த பக்தியில் ஊடலுக்கும் ஏச்சுக்கும் இடமுண்டு. திரை நாயகனோ எத்தனை முறை பார்த்தாலும் அதே வசனத்தைத்தான் பேசுவான். எதிர்க்கேள்வி அவன் காதில் விழாது.

எம்.ஜி.ஆரின் திரைப் பிம்பத்தை ஆராய்ந்த எம்.எஸ்.எஸ். பாண்டியன், 1992இல் வெளியான தம் நூலில், அந்தப் பிம்பம் ஏழைகளைத் தங்கள் நலனுக்கே எதிரான ஆட்சிக்கு இசையவைத்தது என்று வாதிட்டார். அவருடைய கவலையில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் அவர்களை அப்படிச் சிக்கவைத்தது பற்று அன்று. கேள்வி கேட்கும் பழக்கத்தைக் கோயிலிலேயே விட்டுவிட்டுத் திரையரங்குக்குள் நுழைந்ததுதான்.

முடிவுரை

1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து வெளியேற்றப்பட்டது, கட்சியின் கணக்கைக் கேட்டதால். திண்டுக்கல் மக்கள் திரையில் பலகாலம் பார்த்திருந்த நாயகனின் குணமும் அதுவே. ஆகவே 1973இல் அவர்கள் அளித்தது கண்மூடிய வாக்கு அன்று. கணக்குக் கேட்டவனுக்கு அளித்த வாக்கு. அந்த நாயகனிடமே கணக்குக் கேட்டிருந்தால் அவர்களுடைய நம்பிக்கை முழுமை பெற்றிருக்கும். கோயிலில் சாமி வாக்குச் சொல்கிறது, சாவடியில் மக்கள் வாக்களிக்கிறார்கள். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்தான். சாமியிடம் வாக்குக் கேட்கத் தெரிந்த ஊருக்கு, தான் வாக்களித்தவரிடம் கேட்பது புதிதாகப் படிக்கவேண்டிய பாடமல்ல.