வாக்கும் மதிப்பெண்ணும்: சட்டமன்றத்தில் சுதந்திரத்தை அளப்பது

சட்டமன்ற உறுப்பினர் எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்று குறித்துவைத்து, அக்குறிப்பையே தேர்தலில் ஆயுதமாக்கும் உத்தியை அமெரிக்காவில் கூர்தீட்டியவர்கள் சுதந்திரவாதிகள் அல்லர், மதுவிலக்குவாதிகள். 1893இல் ஒஹையோ மாநிலத்தின் ஓபர்லினில் தோன்றிய ஆன்டி-சலூன் லீக், வேட்பாளரின் கட்சியைப் பார்க்கவில்லை. அவர் வீட்டில் குடிக்கிறாரா என்றும் கேட்கவில்லை. மன்றத்தில் அவரது வாக்கு மதுக்கடைக்கு எதிராக விழுந்ததா என்பது ஒன்றே கேள்வி. 1905இல் அம்மாநில ஆளுநர் மைரன் ஹெரிக்கை இக்கழகம் தோற்கடித்தபோது, அவரது குடியரசுக் கட்சியின் பிற வேட்பாளர்கள் வெற்றிபெற்றனர். தனிமனிதரின் குடிக்கும் உரிமையைப் பறிக்கப் பயன்பட்ட கருவியே பின்னாளில் தனிமனித உரிமையை அளக்கும் கோலாகவும் ஆனது.

1947இல் உருவான ‘அமெரிக்கன்ஸ் ஃபார் டெமாக்ரடிக் ஆக்‌ஷன்’ அமைப்பு காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு மதிப்பெண் வழங்கியது. ஆண்டுக்கு 20 வாக்கெடுப்புகள். ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண். அவைக்கு வராதவர் அந்த 5ஐ இழப்பார். ஆகவே நோயுற்றுக் கிடந்தவர் அவ்வாண்டில் தாராளவாதம் குன்றியவராகத் தோன்றுவார். இதைவிட நுட்பமான பிழையை 1992இல் ஜேம்ஸ் ஸ்னைடர் சுட்டினார். அணிகளைக் கூர்மையாகப் பிரிக்கும் வாக்கெடுப்புகளையே அமைப்புகள் தேர்ந்தெடுப்பதால், நடுவில் நிற்பவர்களும் இரு துருவங்களுக்குத் தள்ளப்பட்டுத் தெரிகிறார்கள். கீத் பூலும் ஹோவர்ட் ரோசன்தாலும் பெயர் பதிவான வாக்கெடுப்புகளை ஏறத்தாழ முழுமையாகக் கணக்கில் எடுக்கும் முறையை உருவாக்கியதன் பொருத்தம் இங்கே விளங்கும்.

நியூ ஹாம்ப்ஷயரில் இவ்வழக்கம் விசித்திரமான வடிவம் பெற்றது. ஏறத்தாழ 14 லட்சம் மக்கள் வாழும் அம்மாநிலத்தின் கீழவையில் 400 உறுப்பினர்கள். ஆண்டு ஊதியம் 100 டாலர். 1889இல் நிர்ணயித்தது, இன்றும் மாறவில்லை. உதவியாளர் இல்லை, படிக்க வேண்டிய மசோதாக்களோ நூற்றுக்கணக்கில். அங்குள்ள ‘லிபர்ட்டி அலையன்ஸ்’ அமர்வுக்கு முன் பொன்னிறத் தாளில் பரிந்துரைகளை அச்சிட்டு வழங்குகிறது. ஆண்டு இறுதியில் ஏ பிளஸ் முதல் எஃப் வரை தரம் இடுகிறது. அதற்கும் கீழே ‘அரசமைப்புக்கு அச்சுறுத்தல்’ என்றொரு தனித்தரம். வினாத்தாளையும் விடைத்தாளையும் ஒருசேர வழங்கிவிட்டுத் தேர்வு நடத்துவது போன்றது இது. ஆய்வாளர்கள் இதை அளவுகோலாக மட்டும் பார்ப்பது போதாது. வாக்கு விழுமுன்பே அது அவைக்குள் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. துப்பாக்கி, வரி, கஞ்சா ஆகியவை ஒரே தராசில் ஏறுகின்றன. அவற்றின் எடை எவ்வளவு என்பதைத் தராசு பிடித்தவரே முடிவுசெய்கிறார்.

இந்திய மாநிலங்களில் இத்தகைய கணக்கு தேவையற்றது என்று கூற இயலாது. தடுப்புக் காவல் பொதுப் பட்டியலில் இருப்பதால் விசாரணையின்றிச் சிறைவைக்கும் சட்டங்களை மாநிலச் சட்டமன்றங்களும் இயற்றியுள்ளன. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம் அவற்றுள் ஒன்று. ஆனால் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுவதால், எவர் ‘ஆம்’ என்றார் என்பதற்குப் பெயர்வாரியான சுவடே இல்லை. பெயர் பதிவாகும் இடத்திலும் சிக்கல் உண்டு. 1985இன் 52ஆவது திருத்தம் சேர்த்த பத்தாம் அட்டவணையின்படி, கொறடாவின் கட்டளையை மீறி வாக்களிப்பவர் பதவியை இழக்கக்கூடும். 1992இல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்திருத்தத்தின் பெரும்பகுதியை ஏற்றது. எனினும் அத்தகைய கட்டளைகள் அரசின் நிலைப்பைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்புகளுக்கும் கட்சியின் அடிப்படைக் கொள்கைகளுக்கும் உரியனவாக வரையறுக்கப்பட வேண்டும் என்று கருதியது. நடைமுறை அந்த வரையறையைப் பொருட்படுத்தவில்லை.

2002 மார்ச் 21 அன்று மாநிலங்களவை நிராகரித்த பொடா மசோதா, மார்ச் 26 அன்று கூட்டுக்கூட்டத்தில் 425க்கு 296 என்று நிறைவேறியது. தனிமனித சுதந்திரம் குறித்து எண்ணிக்கையோடு பதிவான அரிய வாக்கெடுப்புகளுள் அது ஒன்று. அதில் ஓர் உறுப்பினரின் வாக்கை அறிய, பெரும்பாலும் அவரது கட்சியின் பெயரே போதுமானதாக இருந்தது.