பட்டம் பெறாத பேராசான்

பிறவி இதயக் குறையால் நுரையீரலுக்குப் போதிய குருதி செல்லாத குழந்தைகளின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். முற்காலத்தில் அவர்களுள் பலர் இளமையிலேயே மாண்டனர். நுரையீரலுக்குக் கூடுதல் குருதியைச் செலுத்த வழியுண்டா என வினவினார், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக் குழந்தை மருத்துவர் ஹெலன் டாசிக் அம்மையார்.

கைக்குச் செல்லும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைக்கும் முறையை ஆய்வுக்கூடத்தில் நாய்களிடம் பலமுறை செய்து தேர்ந்தவர் விவியன் தாமஸ். அவர் அறுவை மருத்துவர் ஆல்பிரட் பிளாலக்கின் உதவியாளர், கறுப்பினத்தவர், தச்சரின் மகன். கல்லூரிக்கென அவர் சேர்த்த பணம் பொருளாதார மந்தத்தில் அழிந்துபோயிற்று.

1944 நவம்பர் 29ஆம் நாள், 15 திங்கள் நிரம்பிய பெண் குழந்தைக்கு முதல் அறுவைச் சிகிச்சை நிகழ்ந்தது. பிளாலக்கின் பின்னால் முக்காலிமீது நின்று தாமஸ் வழிகாட்டினார். அக்குழந்தை சில திங்களே வாழ்ந்தது. ஆயினும் பின்வந்த பல்லாயிரம் குழந்தைகள் அம்முறையால் உயிர் பிழைத்தனர். 1945இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையிலோ தாமசின் பெயர் இடம்பெறவில்லை.

அவரிடம் கைந்நுட்பம் பயின்ற மருத்துவர் பலர் புகழ்பெற்றனர். 1976இல்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. வறுமையால் கல்லூரி வாயிலை மிதியாத மாணவனிடத்தும் இத்தகைய ஆற்றல் உறங்கக்கூடும் என்பதை ஆசிரியர் உலகம் மறத்தலாகாது.