எலும்பும் ஏடும் நினைவும்: அர்ஜென்டினாவில் காணாமலாக்கப்பட்டோரை அடையாளங்கண்ட வரலாறு (1984–2011)

ஆய்வுச் சுருக்கம்

1976 முதல் 1983 வரை அர்ஜென்டினாவை ஆண்ட இராணுவ ஆட்சிக்குழு ஆயிரக்கணக்கானோரைக் கடத்திக் கொன்றது. அவர்தம் உடல்கள் பெயரற்ற குழிகளில் புதைக்கப்பட்டன; விமானத்திலிருந்து நீரிலும் வீசப்பட்டன. மக்களாட்சி மீண்டபின் அவ்வுடல்களைத் தேடி அடையாளங்காணும் பணியில் தடயவியல் மானிடவியல் புதிய வடிவம் பெற்றது. எலும்பு தரும் சான்று, அரசு அலுவலகங்களில் எஞ்சிய ஏடுகள், குடும்பத்தாரின் நினைவு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தும் இடத்திலேயே அடையாளம் நிறுவப்பட்டது என்பதையும், அவ்வகையில் இத்துறை ஒரு வரலாற்றெழுதியல் முறையாகவும் இயங்கியது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: தடயவியல் மானிடவியல், காணாமலாக்கப்பட்டோர், எலும்பு எச்சம், பெயரற்ற புதைகுழி, அர்ஜென்டினா, உண்மைக்கான உரிமை.

முன்னுரை

மனித எலும்பு எச்சங்களைக் கொண்டு இறந்தவர் யார், எவ்வாறு இறந்தார் என்னும் வினாக்களுக்குச் சட்டம் ஏற்கத்தக்க விடை காணும் துறை தடயவியல் மானிடவியல் ஆகும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இத்துறையின் வளர்ச்சி பெரிதும் அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சார்ந்திருந்தது. வில்டன் குரோக்மன் 1939இல் அந்நாட்டுக் கூட்டரசுப் புலனாய்வுத் துறைக்காக எழுதிய எலும்பாய்வு வழிகாட்டியும், கொரியப் போரில் இறந்த அமெரிக்க வீரர்களின் எலும்புகளை ஆராய்ந்து மெக்கெர்ன், ஸ்டூவர்ட் ஆகிய இருவரும் 1957இல் வெளியிட்ட அறிக்கையும் அதன் அடிப்படை நூல்களாக விளங்கின. குற்ற வழக்குகள், போர், விமான விபத்து ஆகியவையே அன்று இத்துறையின் களங்கள்.

இக்களங்களுள் போருக்கும் விமான விபத்துக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. தேடப்படுவோர் யாவர் என்னும் பட்டியல் அவற்றில் முன்னரே கிடைத்துவிடுகிறது. 1979ஆம் ஆண்டு சிகாகோவில் நிகழ்ந்த விமான விபத்தில் இறந்தோரை அடையாளங்காணும் பணியில் ஈடுபட்ட கிளைட் ஸ்னோ (1928–2014) என்னும் மானிடவியலாளர்க்குப் பயணியர் பட்டியல் இருந்தது. எந்தப் பெயர் எந்த உடலுக்கு உரியது என்பதே அங்கு வினா. அவரே ஐந்தாண்டுகளுக்குப்பின் அர்ஜென்டினாவில் எதிர்கொண்ட நிலை வேறு. அங்கே இறந்தோர் பட்டியல் இல்லை, இறப்பே மறுக்கப்பட்டிருந்தது, உடல்கள் எங்குள்ளன என்பதும் தெரியவில்லை. கொன்றது அரசு, சான்றுகளைக் காக்கும் பொறுப்பிலிருந்ததும் அதே அரசு. இவ்வேறுபாடே இத்துறையின் முறையியலை மாற்றியது.

இழக்கப்பட்ட சான்றும் புதிய குழுவும்

1983 டிசம்பர் 10 அன்று ராவுல் அல்ஃபோன்சின் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார். அவர் அமைத்த காணாமலாக்கப்பட்டோர் குறித்த தேசிய ஆணையம் 1984 செப்டம்பரில் தன் அறிக்கையை அளித்தது. 8,961 பேர் காணாமலாக்கப்பட்டமையை அவ்வறிக்கை பதிவு செய்தது. மனித உரிமை அமைப்புகள் கூறும் எண்ணிக்கை 30,000.

ஆணையம் பணியாற்றிய காலத்திலேயே கல்லறைத் தோட்டங்களில் பெயரற்ற குழிகளைத் தோண்ட நீதிபதிகள் ஆணையிட்டனர். அப்பணி மண்வாரி இயந்திரங்களைக் கொண்டு, பயிற்சியற்ற தொழிலாளரால் நடத்தப்பட்டது. எலும்புகள் நொறுங்கின, ஒருவருடையவை மற்றொருவருடையவற்றோடு கலந்தன, துப்பாக்கிக் குண்டுகளும் பற்களும் மண்ணோடு மண்ணாயின. உண்மையை வெளிக்கொணரும் நோக்கில் தொடங்கிய செயல் உண்மைக்கான சான்றையே அழித்தது.

இந்நிலையில் ஆணையமும், காணாமற்போன பேரக்குழந்தைகளைத் தேடிவந்த மாயோ சதுக்கப் பாட்டிமார் அமைப்பும் அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகத்தின் உதவியை நாடின. எரிக் ஸ்டோவர் ஒருங்கிணைத்த வல்லுநர் குழு 1984 ஜூன் மாதம் புவெனஸ் ஐரிஸ் வந்தது. அதில் ஸ்னோவும் இடம்பெற்றார். முறையற்ற தோண்டுதலை உடனே நிறுத்த வேண்டும் என்பது அக்குழுவின் முதன்மையான அறிவுரை.

தொல்லியல், மானிடவியல், மருத்துவம் பயின்ற மாணவர் சிலரே ஸ்னோவுடன் பணியாற்ற முன்வந்தனர். ஆட்சி மீண்டும் கவிழக்கூடும் என்னும் அச்சம் நிலவிய காலம் அது. அவர்களைக் கொண்டு உருவானதே அர்ஜென்டினத் தடயவியல் மானிடவியல் குழு. கரண்டியும் தூரிகையும் கொண்டு அடுக்கடுக்காக மண்ணை நீக்குதல், ஒவ்வோர் எலும்பும் குண்டும் கிடந்த இடத்தை வரைந்து குறித்தல், படமெடுத்தல் எனத் தொல்லியல் அகழாய்வின் ஒழுங்கு முழுவதும் குற்றப் புலனாய்வுக்குள் வந்தது.

எலும்பு தரும் சான்று

எலும்பிலிருந்து முதலில் அறியப்படுவது ஆளின் பெயரன்று. பால், வயது, உயரம் ஆகிய பொதுப் பண்புகளே. இடுப்பெலும்பின் அகலமும் கோணமும் பாலைக் காட்டுகின்றன. தொடையெலும்பின் நீளம் உயரத்தைக் கணிக்க உதவுகிறது. வளரும் பருவத்தில் தனித்திருக்கும் எலும்பு முனைகள் தண்டோடு இணையும் வரிசை வயதைக் காட்டுகிறது. காறையெலும்பின் உள்முனை இருபதுகளில்தான் முழுமையாக இணைகிறது. காணாமலாக்கப்பட்டோருள் பெரும்பாலோர் இளைஞர் என்பதால் இக்கூறு சிறப்பாகப் பயன்பட்டது. எனினும், ஒப்பீட்டு அளவைகள் பல அமெரிக்கப் படைவீரர் போன்ற வேற்று மக்கள்தொகையினரிடமிருந்து பெறப்பட்டவை. ஆகவே கணிப்பை ஒற்றை எண்ணாகக் கூறாமல் வரம்பாகக் கூறுவதே முறையாயிற்று.

இரண்டாவதாக, காயங்களின் காலம் ஆராயப்படுகிறது. வாழ்நாளில் முறிந்து கூடிய எலும்பில் குணமான தழும்பு இருக்கும். இறக்கும் தறுவாயில் முறிந்தது ஈரப்பதமுள்ள எலும்பின் முறிவாக, மண்ணின் நிறமேறிய விளிம்போடு காணப்படும். தோண்டும்போது உடைந்தது வெளிறிய புது விளிம்பைக் காட்டும். மண்டையோட்டில் குண்டு நுழைந்த துளை உட்புறம் நோக்கி விரியும். வெளியேறிய துளை வெளிப்புறம் நோக்கி விரியும்.

இச்சான்றின் வரலாற்று முதன்மை 1985இல் வெளிப்பட்டது. கொல்லப்பட்டோர் ஆயுதமேந்திப் படையினருடன் மோதலில் இறந்தனர் என்பது இராணுவத்தின் விளக்கம். ஆட்சிக்குழுத் தளபதியர் ஒன்பதின்மர் மீதான வழக்கில் அவ்வாண்டு ஏப்ரல் மாதம் ஸ்னோ சான்றளித்தார். ஓர் இளம்பெண்ணின் மண்டையோட்டுப் படங்களைத் திரையில் காட்டி, அவர் மோதலில் இறக்கவில்லை, அருகிலிருந்து தலையில் சுடப்பட்டார் என அவர் விளக்கினார். அப்பெண் சிறையிலிருந்தபோது குழந்தை பெற்றவர். டிசம்பரில் வந்த தீர்ப்பில் ஐவர் தண்டிக்கப்பட்டனர். விடேலா, மசேரா இருவரும் வாழ்நாள் சிறை பெற்றனர்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. இடுப்பெலும்பிலுள்ள பள்ளங்கள் மகப்பேற்றின் அடையாளம் என அக்காலத்தில் கருதப்பட்டது. அவை மகப்பேற்றை உறுதியாகக் காட்டுவதில்லை எனப் பிற்கால ஆய்வுகள் தெளிவுறுத்தின. எலும்பைத் தனித்த சான்றாகக் கொள்வதன் எல்லையை இது காட்டுகிறது.

ஏடு தரும் சான்று

மறைத்தல் வேலையை அரசு முழுவதும் மறைவாகச் செய்யவில்லை. தெருவோரங்களிலும் கரையோரங்களிலும் கிடைத்த உடல்கள் வழக்கமான அலுவலக நடைமுறைக்குள் சென்றன. காவலர் கைரேகை எடுத்தனர். மருத்துவர் இறப்புச் சான்று எழுதினார். கல்லறை அலுவலர் பதிவேட்டில் ‘என்.என்.’ என்று குறித்தார். ‘பெயரை அறியேன்’ எனப் பொருள்படும் இலத்தீன் தொடரின் சுருக்கம் அது. கொலையைச் செய்த கரமும் பதிவைச் செய்த கரமும் ஒரே அரசின் கரங்களாயினும் அவை ஒத்திசைந்து இயங்கவில்லை.

புவெனஸ் ஐரிஸ் மாநிலத்தில் 1970 முதல் 1984 வரை நிகழ்ந்த பெயரற்ற அடக்கங்களின் பதிவுகளை ஸ்னோவும் மரியா ஹூலியா பியூரியட்டும் தொகுத்து ஆராய்ந்தனர். வழக்கமாகப் பெயரின்றிப் புதைக்கப்படுவோர் ஆதரவற்ற முதியோர். இராணுவ ஆட்சியின் தொடக்க ஆண்டுகளிலோ அவ்வேட்டில் இளைஞரும் பெண்களும் துப்பாக்கிச் சூட்டில் இறந்தோரும் மிகுந்தனர். எந்தக் கல்லறைத் தோட்டத்தில், எந்தக் காலத்துக் குழிகளைத் தேட வேண்டும் என்பதை இம்மாற்றமே காட்டியது. தோண்டுவதற்கு முன்பே ஏட்டில் அகழாய்வு தொடங்கிவிட்டது எனலாம்.

தலைநகரை அடுத்த அவெல்லனேடா கல்லறைத் தோட்டத்தின் 134ஆம் பகுதி இதற்குத் தக்க சான்று. ஆட்சிக் காலத்தில் மதிலால் பிரிக்கப்பட்டுப் பொதுமக்கள் நுழைய இயலாதிருந்த இடம் அது. 1988 முதல் 1992 வரை நடந்த அகழாய்வில் 300க்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. இளம் வயதினர் பலரின் எலும்புகளில் குண்டுக் காயங்கள் இருந்தன. இயற்கையாக இறந்த ஏழை முதியோரும் அதே இடத்தில் புதைக்கப்பட்டிருந்தனர். இவ்விரு வகையினரையும் பிரித்தறிய எலும்பும் பதிவேடும் ஒருங்கே தேவைப்பட்டன.

நினைவு தரும் சான்றும் மறுப்பும்

எலும்பு வரம்பைத் தருகிறது; ஏடு இடத்தையும் காலத்தையும் தருகிறது. பெயரைத் தருவதற்கு உறவினர் வேண்டும். சிறுவயதில் கை முறிந்ததா, எந்தப் பல் அடைக்கப்பட்டது, எவ்வளவு உயரம், இறுதியாக எங்கே காணப்பட்டார் என்னும் வினாக்களோடு குழுவினர் குடும்பங்களை நாடினர். மறைமுகச் சிறைகளிலிருந்து உயிருடன் மீண்டோர், உடனிருந்தவர் யார், எந்நாளில் ‘மாற்றப்பட்டார்’ என்று கூறினர். ‘மாற்றம்’ என்பது அச்சிறைகளில் கொலையைக் குறித்த சொல். ஒரே நாளில் மாற்றப்பட்டோர் ஒரே குழியில் இருக்கக்கூடும் என்னும் கருதுகோள் இவ்வாறு உருவாயிற்று.

குடும்பத்தார் அனைவரும் இப்பணியை ஏற்றனர் என்று கொள்வது பிழை. மாயோ சதுக்க அன்னையர் அமைப்பில் எபே தெ பொனாஃபினி தலைமையிலான பிரிவு எலும்பகழ்வை எதிர்த்தது. கொன்றவர் யார் என்று அறிவிக்காமல் எலும்பை மட்டும் ஒப்படைப்பது கணக்கை முடித்துவைக்கும் சூழ்ச்சி என்பது அவர்தம் வாதம். 1986இல் அவ்வமைப்பு இரண்டாகப் பிரிந்ததற்கு இக்கருத்து வேறுபாடும் ஒரு காரணம். நிறுவன அன்னையர் என்ற பெயரில் பிரிந்தோர் ஒவ்வொரு குடும்பமும் தானே முடிவெடுக்கலாம் என்றனர்.

இம்மறுப்பை அறிவியலுக்கு எதிரான உணர்ச்சி என ஒதுக்குதல் தகாது. ‘காணாமலாக்கப்பட்டவர்’ என்னும் நிலை ஓர் அரசியல் குற்றச்சாட்டு. அடையாளங்காணல் அதனை ‘இறந்தவர்’ என்னும் நிலையாக மாற்றிவிடுகிறது. 1994இல் இயற்றப்பட்ட 24,321ஆம் எண் சட்டம், இறப்பை அறிவிக்காமலே ‘கட்டாயக் காணாமலாக்கலால் இன்மை’ என்னும் தனிச் சட்ட நிலையை உருவாக்கியது. அன்னையரின் மறுப்பில் பொதிந்திருந்த பொருளைச் சட்டமே ஓரளவு ஏற்றமைக்கு இது சான்று. குடும்பத்தின் விருப்பத்தை மதித்தே இயங்குதல் என்பதைக் குழுவும் தன் அடிப்படைக் கொள்கையாக்கிக்கொண்டது.

வழக்கில்லாக் காலத்தில் சான்று காத்தல்

1986, 1987ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வழக்குகளை முடக்கின. அடுத்துவந்த மன்னிப்புகள் தளபதியரையும் விடுவித்தன. ஆயினும் அகழாய்வு நிற்கவில்லை. தண்டனைக்கு உதவாத சான்றைத் திரட்டுவது ஏன் என்னும் வினாவிற்கு விடை, உண்மையை அறியும் உரிமை என்னும் கருத்தில் கிடைத்தது. அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம் 1988இல் ஹோண்டுராசு வழக்கொன்றில் வழங்கிய தீர்ப்பு, காணாமலாக்கப்பட்டவரின் கதியையும் உடல் இருக்குமிடத்தையும் குடும்பத்துக்குத் தெரிவிப்பது அரசின் கடமை என்றது. 1998இல் லா பிளாட்டா நகரில் தண்டனையற்ற ‘உண்மைக்கான வழக்குகள்’ தொடங்கின.

இந்நெடிய காத்திருப்பின் பயன் 2005இல் தெரிந்தது. 1977 டிசம்பரில் கடத்தப்பட்ட அன்னையர் அமைப்பின் நிறுவனர் அசுசெனா வில்யாஃப்ளோரும் அவர்தம் தோழியர் சிலரும் என்ன ஆயினர் என்பது அதுவரை உறுதிப்படவில்லை. அதே மாதம் கடற்கரையில் ஒதுங்கிய உடல்கள் ஹெனரல் லவால்யே கல்லறைத் தோட்டத்தில் பெயரின்றிப் புதைக்கப்பட்டதை ஏடுகள் காட்டின. அகழ்ந்தெடுத்த எலும்புகளின் முறிவுகள் உயரத்திலிருந்து விழுந்ததோடு பொருந்தின. உறவினரின் குருதி மாதிரிகளோடு ஒப்பிட்ட மரபணு ஆய்வு பெயர்களை உறுதிசெய்தது. கைதிகளை விமானத்திலிருந்து கடலில் வீசியதாக 1995இல் முன்னாள் கடற்படை அதிகாரி அதோல்ஃபோ ஷிலிங்கோ அளித்த ஒப்புதல் இவ்வாறு எலும்பால் மெய்ப்பிக்கப்பட்டது. 2005 ஜூனில் உச்ச நீதிமன்றம் அச்சட்டங்களைச் செல்லாதவை என அறிவித்தது. 2011 அக்டோபரில் இக்கடத்தல் உள்ளிட்ட வழக்கில் கடற்படை அதிகாரி அல்ஃப்ரெதோ அஸ்தீஸ் வாழ்நாள் சிறை பெற்றார்.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. அடையாளம் என்பது எலும்பில் உறைந்திருந்து வெளிப்படும் ஒன்றன்று. எலும்பு, ஏடு, நினைவு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சோதித்து உடன்படும்போதே அது நிறுவப்படுகிறது. மரபணு ஆய்வு வந்தபின்னும் யாருடைய குருதியோடு ஒப்பிடுவது என்பதை ஏடும் நினைவுமே முடிவு செய்தன.

2. கொலையாளியின் அலுவலக ஒழுங்கே கொலைக்குச் சான்றாயிற்று. ஆகவே கல்லறைப் பதிவேடு, கைரேகைத் தாள், இறப்புச் சான்று போன்ற எளிய ஆவணங்களைக் காத்தல் இத்துறையின் முன்நிபந்தனையாகிறது.

3. முறையான அகழ்வும் பதிவும் நீதிமன்றங்கள் மூடியிருந்த காலத்திலும் சான்றைக் காத்தன. 1977இல் புதைக்கப்பட்ட எலும்பு 2011இன் தீர்ப்பு வரை காத்திருந்தது. 1984இல் இயந்திரம் நொறுக்கிய எலும்புகளுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

4. பெயரை மீட்டல் நீதியை மீட்டலுக்கு ஈடாகாது என்னும் அன்னையரின் எச்சரிக்கை இத்துறையின் எல்லையை வரையறுக்கிறது. மானிடவியலாளர் இறந்தவரை உறவினரிடம் ஒப்படைக்கலாம். கொன்றவரை ஒப்படைக்க வேண்டியது அரசு.