பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியல்

பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியல் என்பது ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகவோ அயல்மொழியாகவோ கற்போர் முதலில் அறிய வேண்டிய சொற்களின் பட்டியல் ஆகும். இதில் ஏறத்தாழ 2000 தலைச்சொற்கள் உள்ளன. இதனை ஆங்கிலேயக் கல்வியாளர் மைக்கேல் வெஸ்ட் (1888–1973) தொகுத்தார். லாங்மன்ஸ் கிரீன் நிறுவனம் 1953 இல் இதனை வெளியிட்டது. ஆங்கிலத்தில் இது "ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்" என அழைக்கப்படுகிறது.

பின்னணி

மைக்கேல் வெஸ்ட் பிரித்தானிய இந்தியாவின் கல்விப் பணியில் இருந்தவர். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றினார். வங்காள மாணவர்களில் பலர் படிப்பை இடையிலேயே நிறுத்திவிடுவதையும், அதுவரை கற்ற ஆங்கிலம் அவர்களுக்கு எதற்கும் பயன்படாமல் போவதையும் அவர் கண்டார். காப்பீட்டை இடையில் முடித்துக்கொள்பவருக்குத் திரும்பக் கிடைக்கும் தொகை "சரண்டர் மதிப்பு" எனப்படும். அதுபோல, படிப்பை எந்த நிலையில் விட்டாலும் மாணவர் கையில் ஏதேனும் ஒரு பயன் மிஞ்ச வேண்டும் என்பது அவரது கருத்து. வாசிக்கும் திறனே அத்தகைய பயன் என அவர் கருதினார். இக்கருத்துகள் இருமொழியம் பற்றி 1926 இல் வெளிவந்த அவரது நூலில் இடம்பெற்றுள்ளன.

வாசிப்பு கைகூட வேண்டுமானால் பாடநூல்களில் அரிய சொற்கள் குறைந்து, பயனுள்ள சொற்கள் மீண்டும் மீண்டும் வரவேண்டும். எனவே எச்சொற்கள் பயனுள்ளவை என்ற வினா எழுந்தது.

தொகுப்பு வரலாறு

அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு தோர்ண்டைக் 1921 இல் 10,000 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டிருந்தார். யப்பானில் அரோல்டு பாமரும் சொல் தேர்வில் ஈடுபட்டிருந்தார். கார்னெகி நிறுவனத்தின் ஆதரவில் 1934 இல் நியூயார்க்கில் கூடிய மாநாட்டில் இவர்களும் வெஸ்டும் பங்கேற்றனர். அதன் இடைக்கால அறிக்கை 1936 இல் வெளிவந்தது. அதில் இருந்த பட்டியலே திருத்தப்பட்டு 1953 இல் நூலாகியது.

தேர்வு முறை

ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பது முதன்மை அளவுகோலாக இருந்தது. அதனுடன் பின்வருவனவும் கருதப்பட்டன:

* கற்பதற்கு எளிமை
* வேறு சொல்லால் உணர்த்த இயலாத பொருளைத் தருதல்
* ஒரே பொருளுக்குப் பல சொற்கள் இருப்பின் ஒன்றே போதுமா என்பது
* பேச்சிலும் எழுத்திலும் பொதுவாகப் பயன்படும் நடுநிலையான நடை

அமைப்பு

ஒவ்வொரு தலைச்சொல்லின் கீழும் அதிலிருந்து பிறந்த சொற்கள் தரப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டாக "ஆக்ட்" என்பதன் கீழ் "ஆக்டர்", "ஆக்சன்" போன்றவை அடங்கும். ஒரு சொல்லுக்குப் பல பொருள்கள் இருப்பின், ஒவ்வொரு பொருளும் எத்தனை விழுக்காடு பயன்படுகிறது என்பதும் குறிக்கப்பட்டுள்ளது. கணினி இல்லாத காலத்தில், ஏறத்தாழ 50 இலட்சம் சொற்கள் கொண்ட பனுவல்களை மனிதர்களே எண்ணிப் பெற்ற விவரம் இது.

சொல்லும் இலக்கணமும்

ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் சொற்களுள் பெரும்பாலானவை "தி", "ஆஃப்", "டு", "இன்" போன்ற இலக்கணச் சொற்களே. ஆகவே இப்பட்டியலின் முற்பகுதியைக் கற்பது இலக்கணம் கற்பதும் ஆகும். தமிழில் வேற்றுமை உருபுகள் செய்யும் பணியை ஆங்கிலத்தில் முன்னிடைச்சொற்கள் செய்கின்றன. "தி" என்பதற்கு நேரான சொல் தமிழில் இல்லை. எனவே இச்சொற்களின் பொருளை மட்டும் மனப்பாடம் செய்வது போதாது. வாக்கியத்தில் வைத்தே அவற்றைக் கற்க வேண்டும். "கெட்", "டேக்" போன்ற எளிய வினைகளும் தம்முடன் சேரும் சிறு சொல்லுக்கு ஏற்பப் பொருள் மாறுவன.

பயனும் வரம்பும்

இப்பட்டியலில் உள்ள சொற்கள் பொதுவான ஆங்கிலப் பனுவல்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை உள்ளடக்குகின்றன. எஞ்சிய 20 விழுக்காடு சிறிதன்று; ஐந்து சொற்களில் ஒன்று தெரியாது என்பதே அதன் பொருள். உதவியின்றிப் படித்துப் புரிந்துகொள்ள 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என 2000 இல் வெளிவந்த ஓர் ஆய்வு கண்டது. அதற்கு 8000 முதல் 9000 வரையான சொற்குடும்பங்கள் தேவை என பால் நேசன் 2006 இல் கணக்கிட்டார். ஆகவே இப்பட்டியல் ஒரு தொடக்கமே. எளிமைப்படுத்தப்பட்ட கதைநூல்களும் கற்போருக்கான அகரமுதலிகளும் இதன் அடிப்படையில் உருவாயின. 1978 இல் வெளிவந்த லாங்மன் தற்கால ஆங்கில அகராதி, ஏறத்தாழ 2000 சொற்களைக் கொண்டே மற்றச் சொற்களுக்குப் பொருள் கூறியது.

விமர்சனங்களும் பிற்காலப் பட்டியல்களும்

பட்டியல் பழமையானது என்பது முதன்மையான குறை. கணினி, இணையம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் இதில் இல்லை. உயர்கல்வி நூல்களுக்கெனத் தனிச் சொற்கள் தேவை என்பதால், ஏவரில் காக்ஸ்எட் 2000 இல் 570 சொற்குடும்பங்கள் கொண்ட கல்விசார் சொற்பட்டியலை வெளியிட்டார். 2013 இல் இரு புதிய பொதுப் பட்டியல்கள் வெளிவந்தன. சார்லசு பிரௌன் குழுவினரின் பட்டியலில் ஏறத்தாழ 2800 சொற்களும், பிரெசினா, கப்லசோவா ஆகியோரின் பட்டியலில் 2494 சொற்களும் உள்ளன. இவை கணினித் தரவகங்களைக் கொண்டு தொகுக்கப்பட்டவை.

இவற்றையும் பார்க்க

* அடிப்படை ஆங்கிலம்
* ஆங்கில இலக்கணம்
* அகராதியியல்