மன்றாடுதல்

‘மன்றாடுதல்’ என்னும் சொல்லுக்குக் கெஞ்சிக் கேட்டல் என்றே இன்று நாம் பொருள் கொள்கிறோம். வகுப்பில் கேட்டாலும் மாணவியர் அதனையே கூறுவர். ஆயின் ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இச்சொல் மன்றத்தில் அமர்ந்து ஊர்க் காரியங்களை ஆராய்ந்து முடிவு செய்வதைக் குறித்தது. அங்ஙனம் மன்றாடுவோர் எவ்வாறு பேசலாகாது என்பதற்கு ஒரு விதியும் கல்லில் உள்ளது.

திருநெல்வேலிக்கு அருகிலுள்ள மானூரில் காணப்படும் வட்டெழுத்துக் கல்வெட்டு, பாண்டியன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, கி.பி. 800 அளவினது என்பர். ஊரில் பங்குடையோருள் தகுதியுடையவரே சபையில் மன்றாடலாம் என அது வரையறுக்கிறது. பின்னர், சபையில் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொன்றுக்கும் ‘அன்று, அன்று’ என்று தடை கூறுவோரும் அவர்க்குத் துணைநிற்போரும் ஐந்து காசு தண்டம் செலுத்த வேண்டும் என்கிறது.

சபை நடவாதபடி முடக்குவோரை அடக்க எழுந்த விதி இது என அறிஞர் கொள்வர். அது பொருந்துவதே. எனினும் எனக்கு ஓர் ஐயம் உண்டு. எல்லாவற்றையும் மறுப்பவன் யார், நேரிய காரணத்தோடு ஒன்றை மறுப்பவன் யார் என்று பிரித்தறிவது எவர் பொறுப்பு? மறுக்கப்பட்ட பெரும்பான்மையினரே அதனையும் தீர்மானித்தால் ஐந்து காசு எவர்மீது விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தண்டம் விதிக்கும் அளவிற்கு ‘அன்று’ என்போர் அச்சபையில் இருந்தனர் என்பதையும் இக்கல்வெட்டு தன்னையறியாமலே காட்டிவிடுகிறது.

முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை (கி.பி. 919, 921) அனைவரும் அறிவர். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரின் உறவினர்க்கும் குடவோலையில் இடமில்லை என்ற கண்டிப்பு வியப்பிற்குரியது. ஆனால் நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடையோர்க்கே அவ்வோலை. உழுதவரும் நெய்தவரும் பெண்டிரும் அதற்குப் புறத்தேதான் நின்றனர்.

புறத்தே நின்றவன் மறுத்தால் என்னாகும் என்பதற்கு நம் திருமழிசையிற் பிறந்த ஆழ்வாரின் வரலாறே சான்று. தன்னைப் பாடுமாறு பல்லவ மன்னன் கேட்க, ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன் மறுத்தார், நாடு கடத்தப்பட்டார். ஆழ்வாரும் உடன் புறப்பட, திருவெஃகாப் பெருமாளும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்சென்றதாகக் குருபரம்பரை கூறும். சபையில் மறுத்தவனுக்கு ஐந்து காசு தண்டம். சபைக்கு வெளியே மறுத்தவனுக்கு ஊரே இல்லை. பெருமாள் துணை வராத கணிகண்ணர்கள் எத்தனை பேரோ!

இனி நம் காலம். 1992இல் நிறைவேறிய 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு ஐந்தாண்டுத் தேர்தலை உறுதி செய்தது. எனினும் தமிழகத்தில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின், நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றே நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டிற்கு மேற்பட்ட காலம் தனி அலுவலர்களின் ஆட்சியே. 2020 மே மாதம், கொள்ளைநோய்க் காலத்தில் கோயம்பேட்டுக் காய்கறிச் சந்தை திருமழிசைக்கு மாற்றப்பட்டது. செப்டம்பர் இறுதி வரை இங்கேயே நடந்தது. நோயின் கொடுமையில் அம்முடிவு வேண்டியதாகவே இருந்திருக்கலாம். ஆனால் அதற்கு ‘ஆம்’ என்று கூறவும் ‘அன்று’ என்று கூறவும் பேரூராட்சி மன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரும் அந்நாளில் இல்லை. மழையில் சந்தைத் திடல் சேறானபோது வணிகர் அலுவலர்களிடம் முறையிட வேண்டியிருந்தது. இக்காலப் பொருளில் மன்றாடினர்.

2022இல் மன்றம் மீண்டது. உறுப்பினருள் பாதி இடம் பெண்களுக்கு என்ற 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால், உத்தரமேரூர் விலக்கியவர்கள் உள்ளே வந்தனர். எனினும் சட்டமன்றத்திற் பேசியதற்காக உறுப்பினர்மீது வழக்குத் தொடரலாகாது என்று காக்கும் அரசியலமைப்பின் 194ஆம் பிரிவு, பேரூராட்சி உறுப்பினரைக் குறிப்பிடவில்லை. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி நாளில், நகர்ப்புறங்களில் பகுதிசபைக் கூட்டங்கள் கூட்டப்பட்டன. சிற்றூர்க்குக் கிராமசபை தந்த இடத்தை நகரவாசிக்குத் தரும் ஏற்பாடு அது. அங்கே பங்கும் வேதமும் கேட்கப்படுவதில்லை. அப்பகுதியின் வாக்காளராயிருந்தால் எழுந்து பேசலாம்.