மாலி சொன்ன பழங்கதைகள்

திருவனந்தபுரத்தில் 1915-இல் பிறந்து 1994-இல் மறைந்த வி. மாதவன் நாயர், 'மாலி' என்னும் புனைபெயரால் மலையாளச் சிறுவர்க்கு உற்ற தோழரானார். அகில இந்திய வானொலியில் பணியாற்றிய இவர், இராமாயணம், பாரதம், பாகவதம் மூன்றையும் சிறுவர்க்கென எளிய உரைநடையில் எழுதினார்.

எளிமையாவது ஆழத்தைக் குறைப்பதன்று. தாய் குந்தி ஒருபுறமும் நண்பன் துரியோதனன் மறுபுறமும் ஈர்க்க, இடையே கர்ணன் படும் துயரை இவரே 'கர்ணசபதம்' என்னும் கதகளி நாடகமாக்கினார். அஃது இன்றும் ஆடப்பெறுகிறது.

தமிழில் இராஜாஜியும் எளிய நடையையே நாடினார். அவரது 'சக்கரவர்த்தித் திருமகன்' 1958-இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது.

அயல் மாநிலங்களில் வளரும் நம் குழந்தைகள் பலர் தமிழ் பேசுவர், படிக்கத் தயங்குவர். எழுத்து கைவருமுன் கதை செவிபுகட்டும். இரவுதோறும் ஒரு கதையேனும் தமிழிற் சொல்வோம். கேட்ட கதையை மீண்டும் நாடும் குழந்தை, எழுத்துக்கூட்டத் தானே முன்வரும்.