நிலத்தடி நீர்: பூமிக்கடியில் தேங்குவது எப்படி?

நிலத்துக்கு அடியில் ஏரி போலவோ ஆறு போலவோ நீர் நிறைந்திருப்பதாகப் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், மணல் துகள்களுக்கு இடையிலுள்ள நுண்துளைகளிலும் பாறைகளின் விரிசல்களிலுமே பெரும்பாலான நிலத்தடி நீர் தங்கியுள்ளது.

மண்ணில் இறங்கும் மழைநீரின் ஒரு பகுதியை வேர்கள் உறிஞ்சுகின்றன. எஞ்சியது மேலும் கீழிறங்கித் துளைகளை முழுமையாக நிரப்புகிறது. இவ்வாறு நிரம்பிய பகுதியின் மேல்விளிம்பே நிலத்தடி நீர்மட்டம். நீரைத் தேக்கி, கிணறுகளுக்குப் போதிய அளவில் தரவல்ல அடுக்கு நீர்த்தாங்கி எனப்படும். களிமண்ணிலும் துளைகள் மிகுதி. ஆனால் அவை மிக நுண்ணியவை என்பதால் நீர் எளிதில் நகராது.

கங்கைச் சமவெளியில் வண்டல் படிவு நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் வரை இருப்பதால் சேமிப்பு அதிகம். மகாராஷ்டிரத்தின் பசால்ட் பாறையிலும் தெலங்கானாவின் கிரானைட் பாறையிலும் சிதைந்த மேலடுக்கிலும் விரிசல்களிலுமே பெரும்பாலும் நீர் உண்டு. பொதுவாக, ஆழம் கூடக்கூட விரிசல்கள் குறைகின்றன. எனவே அங்கு ஆழ்துளைக் கிணற்றை மேலும் ஆழப்படுத்துவதால் மட்டும் கூடுதல் நீர் கிடைத்துவிடாது. வறண்ட கிணறும் கடனுமே விவசாயிக்கு மிஞ்சக்கூடும்.

வண்டல் நிலத்தின் சேமிப்பும் வற்றாதது அல்ல. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2023 மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் எடுக்கத்தக்க நிலத்தடி நீரில் நாடு முழுவதும் சுமார் 59 சதவீதம் எடுக்கப்படுகிறது. வண்டல் மிகுந்த பஞ்சாபிலோ இது 100 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. நிரம்புவதைவிட அதிகமாக எடுக்கப்படுவதால், நெடுங்காலமாகச் சேர்ந்த இருப்பு அங்கு குறைந்து வருகிறது.